மூன்று முறை போட்டுப் பார்த்த பெட்டி

மச்சானுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டிலும் பாஸ்போர்ட்டிலும் மட்டும் பத்திரமாக இருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அக்காவின் புருஷன் அவனை அந்த ஒயின் ஆலையின் பேக்கிங் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "வா மச்சான், இப்படி நில்லு" என்று மேஜை ஓரமாக நிறுத்தினார். அன்றைக்கே அவன் எல்லாருக்கும் மச்சானாகிவிட்டான். தமிழே தெரியாத சூப்பர்வைசர்கூட அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டார். தான் என்ன உறவு கொண்டாடிக்கொண்டிருக்கிறோம் என்பது பாவம், அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது.

அந்த மச்சான் இப்போது ஐம்பத்திரண்டு வயதில், ஒரு சனிக்கிழமை மதியம், தன் கட்டிலின் மேல் சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். மறுநாள் விடியற்காலையில் விமானம். ஊரில் அக்கா வீட்டுக்கு இரண்டு ஒயின் பாட்டில்கள் போக வேண்டும். உடையாமல் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் போக வேண்டும்.

காரணம் அத்தானின் தொண்டை. எட்டு நாளைக்கு முன்னால் அக்கா போன் செய்திருந்தாள். தொண்டையில் புற்றுக் கட்டி, டாக்டர் திங்கட்கிழமையிலிருந்து கரண்டு வைக்கப் போகிறார், முப்பது தடவை வைப்பார்களாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அழுகையை மறைக்க வேண்டி யாரையோ திட்டினாள். பிறகு போனை அத்தான் வாங்கினார். குரல் கரகரவென்று இருந்தது.

"மச்சான், ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டியே."

"சொல்லுங்க அத்தான்."

"கரண்டு வச்சா நாக்குல ருசி போயிடுமாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்றார். நானும் பதினோரு வருஷம் கட்டிக் கட்டி அனுப்பினேன். கல்யாண வீட்டுக்குப் போச்சு, கப்பல்ல போச்சு, எவனெவனோ குடிச்சான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுடா. நாக்கு போறதுக்கு முன்னாடி ஒரு வாய் பாத்துடணும். ஒரே ஒரு வாய். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், முறைச்சார், அப்புறம் சரின்னுட்டார்."

மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கு அடைத்துக்கொண்டது.

ஒயின் ஆலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவருக்கு ஒயின் ருசி தெரியாதா என்று கேட்பவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது என்றுதான் மச்சான் பதில் சொல்வான். இருவரும் வேலைக்குக் கிளம்பிய அன்று, பஸ் புறப்படும் நேரத்தில், அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். போகிற இடம் அப்படிப்பட்ட இடம், ஒரு சொட்டு வாயில் படக் கூடாது, பட்டால் இரண்டு பேருக்கும் என் முகத்தில் விழிக்கிற வேலையே வேண்டாம் என்றாள். அத்தான் பயந்தவர் இல்லை. ஆனால் சொன்ன சொல்லில் நிற்கிறவர். அறையில் வருடக் கடைசியில் ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுப்பார்கள். அதை அப்படியே லாரி டிரைவரிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு ஒரு சோப்பு வாங்கிக்கொள்வார். மச்சானும் அத்தான் செய்ததையே செய்தான். பல வருடங்களுக்கு அந்த அறையிலேயே மிகச் சுத்தமாகக் குளித்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

இப்போது சத்தியத்தை வாங்கியவளே அதைத் திருப்பித் தந்துவிட்டாள். "கொண்டு வாடா. நல்லதாப் பாத்துக் கொண்டு வா" என்றாள்.

நல்லது எது என்பதில் மச்சானுக்குச் சந்தேகமே வரவில்லை. அத்தான் முதுகு பிடித்துக்கொண்டு வேலையை விட்டுப் போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. அவர் கடைசியாகக் கட்டிய வருடத்துச் சரக்கில் கிடங்கின் ஆழத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மானேஜரிடம் போய் நின்றான். விஷயத்தைச் சொன்னதும் அவர் சாவியை எடுத்துக்கொண்டு தானே இறங்கிப் போய், இரண்டு பாட்டில்களைத் தூசியோடு கொண்டுவந்து கையில் கொடுத்தார். "மூணு தடவைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மூணு தடவை என்பது அத்தானின் பட்டப்பெயர். பேக்கிங் அறையில் ஆறு நீள மேஜைகள். ஜன்னல் என்று பெயருக்கு ஒன்று, அது உச்சியில் இருந்தது. பாட்டில் சூடேறக் கூடாது என்று எந்நேரமும் குளிர வைத்திருப்பார்கள். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையில் டேப் கட்டையோடு, நாள் முழுக்கக் கிறீச் கிறீச் என்று சத்தம் கிளப்பிக்கொண்டு நின்ற அந்த வருடங்களை நினைத்தால் மச்சானுக்கு இப்போதும் தோளோரம் லேசாகச் சிலிர்க்கும். அத்தான் எதிர் மேஜை. புது அட்டைப்பெட்டி வந்தால் அவர்தான் சோதிப்பார். பாட்டில்களை அடுக்கி, ஒட்டி, மேஜை உயரத்திலிருந்து கீழே போடுவார். ஒரு தடவை அடிப்பக்கம், ஒரு தடவை விளிம்பு, ஒரு தடவை மூலை. மூன்று தடவைக்கும் தாங்கினால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, "தேறிடுச்சு, இனிமே கை வைக்காத" என்பார். தேறிய பெட்டியைத் திரும்பப் பிரித்தால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். பிரித்துக் கட்டினால் அது வேறு பெட்டி, மறுபடி மூன்று தடவை போட வேண்டும் என்பார்.

இப்படிப் போட்டுப் பார்க்க நல்ல சரக்கையா எடுப்பார்கள்? அதற்கென்று டம்மி பாட்டில்கள் உண்டு. அதே கண்ணாடி, அதே எடை, உள்ளே சாயத் தண்ணீர், மேலே உண்மையான தக்கை. அவற்றை நிரப்பியதும் அத்தான்தான். ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க, டம்மியின் அடிப்பகுதியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார். அப்படி அவர் நிரப்பி வைத்த பாட்டில்கள் பதினேழு வருடமாக விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

மச்சான் ஊருக்குப் போகிறவர்களின் பெட்டிகளை எத்தனையோ கட்டிக் கொடுத்திருக்கிறான். ஊருக்கு ஒயின் கொண்டுபோகும் ஆசை எல்லாருக்கும் உண்டு, கட்டத்தான் தெரியாது. மச்சானோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் லாரி டிரைவர் ஒரு தடவை யாரையும் கேட்காமல் தன் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே மூன்று பாட்டில்களைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார். இறங்கிப் பெட்டியைத் திறந்தால் ஏழு சட்டையும் ஒரே நிறம். அந்த வருடம் முழுக்க அவர் ரோஸ் நிறச் சட்டையில்தான் லாரி ஓட்டினார். கேட்டவர்களிடம் அதுதான் ஃபேஷன் என்று சாதித்தார்.

ஆனால் தனக்கென்று ஒரு பாட்டிலையும் மச்சான் இதுவரை கட்டியதில்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போனபோதெல்லாம் சோப்பும் போர்வையும்தான் கொண்டுபோனான். அதனால் இந்தப் பெட்டியைக் கண்ணும் கருத்துமாகக் கட்டினான். முதல் வேலையாக, இரண்டு நல்ல பாட்டில்களையும் சூடு படாமல் இருக்கட்டும் என்று பீரோவின் கீழ்த்தட்டில், மடித்த கம்பளிக்கு நடுவே வைத்தான். ஆலையிலிருந்து சொல்லிவிட்டு எடுத்து வந்திருந்த இரண்டு டம்மிகளைக் கட்டில் மேல் வைத்தான். கட்டுவதென்றால் சோதித்துத்தான் கட்ட வேண்டும். அது அவன் ரத்தத்தில் ஊறிய விஷயம்.

ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை டேப்பால் ஒட்டினான். உடைந்தாலும் துணி நனையக் கூடாது. அதன்மேல் தடித்த குளிர்கால சாக்ஸ், அடியிலிருந்து ஒன்று, கழுத்திலிருந்து ஒன்று. அதன்மேல் டவலைச் சுருட்டினான். சுருட்டியதைப் பேண்ட் காலுக்குள் நுழைத்து இரண்டு பக்கமும் மடித்தான். சூட்கேஸின் அடியில் ஸ்வெட்டர்களைப் பரப்பினான். சக்கரம் இருக்கும் பக்கம் செருப்பும் புத்தகமும். நட்டநடுவில் பாட்டில்கள், ஒன்றுக்குத் தலை இருக்கும் இடத்தில் மற்றதற்குக் கால். கண்ணாடியும் கண்ணாடியும் தொடவே கூடாது. சுவரில் முட்டினால்கூடப் பாட்டில் பிழைத்துக்கொள்ளும், இன்னொரு பாட்டிலில் முட்டினால் பிழைக்காது என்பது இருபத்தெட்டு வருட அனுபவம். கடைசியாக மிச்ச இடத்தையெல்லாம் உள்பனியன், கைக்குட்டை, அக்காவுக்கு வாங்கிய போர்வை என்று திணித்தான். பெட்டியைத் தூக்கிக் குலுக்கிக் காதை வைத்துக் கேட்டான். சத்தம் இல்லை.

பிறகு போட்டான். மேஜை உயரத்திலிருந்து அடிப்பக்கம் ஒரு தடவை, விளிம்பில் ஒரு தடவை, மூலையில் ஒரு தடவை. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். "ஊருக்குப் போறேன்" என்றான் மச்சான். அவர் திருப்தியில்லாமல் இறங்கிப் போனார்.

பெட்டியைத் திறந்தான். பேண்ட் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தான். ஈரம் இல்லை. மூக்கை வைத்துப் பார்த்தான். நகர்ந்ததா என்று பார்த்தான், ஒரு நூல்கூட நகரவில்லை. மனதுக்குள் ஒரு பெருமிதம். அத்தான் மட்டும் எதிரில் நின்றிருந்தால் என்று நினைத்தான். நின்றிருந்தால் என்ன செய்வார்? ஒரு தட்டுத் தட்டுவார். மச்சானும் தட்டினான். தட்டிய கை அப்படியே ஜிப்பை இழுத்தது. பூட்டைப் போட்டது. குறுக்கே இரண்டு சுற்று டேப் ஒட்டியது. மூலையில் பேனாவால் ஒரு டிக் அடித்தது.

புத்தி பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தது. பிரித்து, டம்மியை எடுத்துவிட்டு, பீரோவில் இருப்பதை வைத்துக் கட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஆனால் தேறிய பெட்டியைப் பிரிக்காத கை, பிரிக்கவில்லை. வேறு எந்த மனிதன் கட்டியிருந்தாலும் நல்ல ஒயின் ஊருக்குப் போயிருக்கும், அரைகுறையாகக் கட்டி, நசுங்கி, ஒன்றாவது போய்ச் சேர்ந்திருக்கும். தொழில் தெரிந்தவன் கட்டியதால் இரண்டு பாட்டில் சாயத் தண்ணீர் அப்பழுக்கில்லாமல் புறப்பட்டது.

விமான நிலையத்தில் பெட்டி நகரும் பட்டையில் விழுந்தபோது மச்சான் புன்னகை செய்துகொண்டான். இறங்கிய இடத்தில் அது தடாலென்று சரிந்து விழுந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள், அவன் சுளிக்கவில்லை. டாக்ஸியில் டிக்கியில் வைக்கச் சொன்ன டிரைவரிடம், "தாராளமா வைங்க, எப்படி வேணும்னாலும் வைங்க" என்றான். வழியெல்லாம் அத்தானின் முகம்தான் கண்ணில் நின்றது. முதல் வாய் உள்ளே போனதும் என்ன சொல்வார் என்று யோசித்தான். ஒன்றும் சொல்லமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார் என்று முடிவு செய்துகொண்டான்.

அக்கா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். அத்தான் அவளைவிட இளைத்திருந்தார். சட்டை ஆணியில் மாட்டியது போல இருந்தது. ஆனால் ஷேவ் செய்துகொண்டு, தலையை வாரிக்கொண்டு, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் போல நாற்காலியில் காத்திருந்தார். மேஜையில் மூன்று கண்ணாடி டம்ளர்கள் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"மூணு எதுக்குக்கா?"

"நானும் ஒரு வாய் பாக்கறேன். என்னதான் இருக்குதுன்னு எனக்கும் தெரியணும்ல" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அத்தான் பெட்டியின் மேலேயே கண்ணாக இருந்தார். மூலையில் இருந்த டிக்கைத் தடவிப் பார்த்தார்.

"போட்டுப் பாத்தியா?"

"மூணு தடவை."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, சாயங்காலம் நிதானமாகத் திறக்கலாம் என்றார். அவசரப்பட வேண்டாம், இன்றைக்கு முழுக்க நாக்கு இருக்கிறது என்றார். அக்கா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அத்தான் உள்ளறையில் படுத்த பிறகு போன் அடித்தது. லாரி டிரைவர்.

"மச்சான், நல்லபடியா போய்ச் சேந்தியா? கம்பளி எடுக்கலாம்னு பீரோவத் தொறந்தேன். உள்ள ரெண்டு பாட்டில் இருக்குதே. எனக்கு வச்சுட்டுப் போனியா? சொல்லாம வச்சுட்டுப் போயிருக்கியே, மனசு நெறஞ்சு போச்சு."

"பழசா? தூசியோடயா?" என்று கேட்டான் மச்சான்.

"ஆமா, ரொம்பப் பழசு."

"அதைத் தொடாதீங்க. வச்சுடுங்க" என்று போனை வைத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கை நேற்று மதியம் செய்த ஒவ்வொரு வேலையும் இப்போது புத்திக்கு வரிசையாகத் தெரிந்தது. தட்டியது, ஜிப், பூட்டு, டேப், டிக். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது, எதை எதால் அறைவது என்று தெரியவில்லை.

அக்கா வந்து பார்த்தாள். பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்த தம்பியிடம் விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டுத் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி" என்றாள்.

"தெரியும்க்கா."

"மெயின் ரோட்டுல ஒரு கடை இருக்கு. அங்க இதெல்லாம் விப்பாங்க. ஒண்ணு வாங்கிட்டு வா. அந்தத் தண்ணியக் கீழ ஊத்திட்டு இதை நிரப்பிடு. அவர் என்னைக்குக் குடிச்சுப் பாத்திருக்கார்? எதைக் குடுத்தாலும் அதுதான்னு நினைச்சுக்குவார். சந்தோஷமா இருக்கட்டும்டா."

மச்சான் தலையைக் குனிந்தான். அத்தானிடம் அவன் இதுவரை பொய் சொன்னதே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் சரக்கு விஷயத்தில் சொன்னதில்லை. அக்கா சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். கடையில் சிவப்பாக இருந்ததில் ஒன்றைக் கேட்டான். எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம் இதையே கட்டியவனுக்கு இதை வாங்கத் தெரியவில்லை. கடைசியில் கடைக்காரரே ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வரும் வழியில் அதைச் சட்டைக்கு அடியில் மறைத்துக்கொண்டான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது உள்ளறையில் விளக்கு எரிந்தது. அத்தான் தூங்கவில்லை. அவரால் எப்படித் தூங்க முடியும்? கட்டிலில் சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேப்பைக் கிழிக்காமல் ஓரத்திலிருந்து உரித்து, கட்டில் கம்பியில் ஒட்டியிருந்தார். ஸ்வெட்டர்கள் ஒரு பக்கம், டவல் ஒரு பக்கம், சாக்ஸ் ஜோடி ஜோடியாக ஒரு பக்கம். அவர் கையில் ஒரு பாட்டில் இருந்தது. தலைகீழாக இருந்தது. அடியில் வெள்ளைப் பொட்டு.

மச்சான் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். சட்டைக்கு அடியில் இருந்ததை எடுத்து அலமாரி மேல் வைத்தான், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

"தலை கால் மாத்தி வச்சிருக்க. நல்லா இருக்கு" என்றார் அத்தான். "சாக்ஸு ரெண்டு பக்கமும் போட்டது நல்ல யோசனை. எனக்குத் தோணியிருக்காது."

"அத்தான்."

"இது என் கையால நிரப்பினது. பெயின்ட்டு என்னுது. இன்னுமா இதை வச்சுப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"ஆமா அத்தான். உடையவே இல்ல."

அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. தொண்டை வலிக்கும் என்று கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. மச்சானும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாக நின்றார். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார்.

"டெஸ்ட்டு பண்ணின. தேறிடுச்சு. பிரிக்காம மூடிட்ட."

"ஆமா."

"நான் சொன்னதுதான். என் வாய்தான்." பிறகு வேறு குரலில், "ஆசையா இருந்தேன்டா மச்சான்" என்றார்.

மச்சான் அழுதுவிட்டான். ஐம்பத்திரண்டு வயது ஆள், கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். அக்கா பின்னால் வந்து நின்றாள். அலமாரி மேல் இருந்த கடைப் பாட்டிலை எடுத்து, சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து, புருஷனிடம் நீட்டினாள்.

"இதுவும் அதுதானேங்க. திராட்சையிலதானே பண்றாங்க. ஒரு வாய் குடிங்க."

அத்தான் அதை வாங்கிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், விளக்கில் காட்டிப் பார்த்தார். பக்குவமாகத் தரையில் வைத்தார்.

"இது யாரோ கட்டினது" என்றார். "எனக்குக் குடிக்கணும்னு ஆசை இல்ல. நான் கட்டினது எப்படி இருக்கும்னு தெரியணும். அவ்வளவுதான். சரி விடு. தெரியாமலே இத்தனை வருஷம் இருந்தாச்சு."

விடு என்று அவர் சொன்னாலும் அவர் விடவில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மச்சான் மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அக்காவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். சொன்னால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அத்தான் முகத்தில் விழிக்க முடியாது. இரண்டில் ஒன்றை அவன் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அத்தான், நான் குடிச்சிருக்கேன்" என்றான்.

அத்தான் நிமிர்ந்தார்.

"எப்ப?"

"நீங்க ஊருக்குக் கிளம்பின மறுநாள். உங்க மேஜையில பாதி அடுக்கின பெட்டி ஒண்ணு இருந்துச்சு. மிச்சத்தை என்னைக் கட்டச் சொன்னாங்க. தூக்கும்போது கை வழுக்கி ஒரு பாட்டில் விழுந்து உடைஞ்சுபோச்சு. யாரும் பாக்கல. பொறுக்கும்போது முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. எதிர்ல பாத்தா நீங்க இல்ல. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. நக்கிட்டேன்."

"நான் கட்டின பெட்டியா?"

"நீங்க கட்டினது. அந்த வருஷத்துச் சரக்குதான். நான் பீரோவுல விட்டுட்டு வந்த ரெண்டு பாட்டிலும் அதே சரக்குதான்."

அத்தான் மடியில் இருந்த பாட்டிலை மெத்தை மேல் வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"அப்ப சொல்லு" என்றார். "எப்படி இருந்துச்சு? அவசரப்படாத. முதல்லருந்து சொல்லு."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "கேக்கறார்ல, சொல்லுடா" என்றாள்.

"முதல்ல ஒண்ணுமே தெரியல அத்தான். சில்லுனு இருந்துச்சு. அப்புறம் புளிப்பு. கண்ணு மூடற புளிப்பு இல்ல. நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் வந்து நின்னுச்சு. அப்புறம் வாயெல்லாம் காஞ்சு போச்சு, மாதுளம்பழத்துத் தோலைத் தெரியாம கடிச்சுட்டா எப்படி இருக்கும், அப்படி. நல்லாவே இல்லையேன்னு நினைச்சேன். இதுக்கா கப்பல் ஏத்தி அனுப்பறோம்னு நினைச்சேன்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு. காலையில முதல் ஆளாப் போய் ரூமைத் தொறப்பீங்களே, தொறந்ததும் ஒரு வாசம் வரும். ராத்திரியெல்லாம் அடைச்சுக் கிடந்த அட்டை வாசம், மரத்தூள், சுவருக்கு அந்தப் பக்கம் பீப்பாய்லருந்து கசியற வாசம். நீங்ககூட ஒரு நிமிஷம் வாசல்லயே நிப்பீங்க. அதேதான் அத்தான். அதை அப்படியே வாயில வச்ச மாதிரி இருந்துச்சு. தொண்டையில இறங்கும்போது இனிப்பு. சர்க்கரை இனிப்பு இல்ல. லேசா சூடு. இறங்கின பிறகும் போகல. அன்னைக்கு மதியம் சாப்பிடற வரைக்கும் இருந்துச்சு. அது போயிடக் கூடாதுன்னு நான் சாப்பிடவே ரொம்ப நேரம் ஆச்சு."

மச்சான் நிறுத்தினான். அத்தான் வாயை இறுக்கி மூடியிருந்தார். கன்னம் லேசாக அசைந்தது. பிறகு, தண்ணீர் குடிப்பதற்கே வலிக்கிற அந்தத் தொண்டையால், மெதுவாக ஒரு வாய் விழுங்கினார்.